மிஷன் வளாகத்துக்கு வெளியே: சபைத் தலைவர்களை எங்கே உருவாக்குவது?

உசிலம்பட்டி வட்டாரத்தில் ஒரு சேகரக் கமிட்டியில் (ஒரே ஆயரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதியே சேகரம்) இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் சேகரத்தில் பல கிராமச் சபைகளுக்கு ஒரே ஆயர். அவரும் சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போய்விடுகிறார். வெள்ளைக்காரர் ஆட்சி போய் இத்தனை காலம் ஆன பின்பும் நம் திருச்சபை அவர்கள் போட்டுவைத்த தடத்திலேயே நடக்கிறது என்று கல்லூரியில் படிக்கும் எங்கள் பிள்ளைகள் குறை சொல்கிறார்கள். அருட்பணிக்குப் புதிய தலைவர்களை எப்படித் தயார் செய்வது? இறையியல் கல்லூரியின் பாடத்திட்டத்தை மாற்றினால் போதுமா?"

தம்பி, அது மட்டும் போதாது. பிள்ளைகள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் அவர்கள் கண்ணில் முதலில் படுவது ஆயரின் அங்கி, கூர்மாடம் வைத்த கோவில், ஆங்கில ராகத்தில் பாடும் ஞானப்பாட்டு ஆகியவைதான். இவற்றை மாற்றுவது பெரிய காரியம் இல்லை. பல இடங்களில் மாற்றியும் விட்டார்கள். குத்துவிளக்கு ஏற்றி, கீர்த்தனை பாடி, சம்மணமிட்டு ஆராதனை நடத்தும் சபையிலேயே, கூரையில் நாலு ஓடு மாற்றுவதற்கு மேலிடத்து உத்தரவுக்காக ஒரு மழைக்காலம் முழுவதும் காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காத்திருப்பில்தான் காலனி ஆட்சியின் தடம் இருக்கிறது.

தலைவர் யாருக்குக் கணக்குக் கொடுக்கிறார்? என் பதில் முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியதுதான். சம்பளம் எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தத் திசையைப் பார்த்தே ஊழியர் நிற்கிறார். முன்பு மிஷனெரி பங்களாவைப் பார்த்து நின்றார். இன்று பேராயரின் திருமண்டல அலுவலகத்தைப் பார்த்து நிற்கிறார். தன் ஊரையும் தன் சபையையும் முகம் பார்த்து நிற்கும் தலைவரை உருவாக்காத பயிற்சி, எவ்வளவு நவீனமான பாடத்தைச் சொல்லிக்கொடுத்தாலும் பழைய பயிற்சிதான். இது எப்படி வந்தது என்பதை மதுரையின் கதையிலிருந்தே பார்த்துவிடலாம்.

மதுரையில் கிறிஸ்தவ அருட்பணி ஐரோப்பியர் ஆளாத மண்ணில் தொடங்கியது. 1606-இல் இத்தாலிய இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி இங்கே வந்தபோது நாயக்கர்கள் ஆண்டுகொண்டிருந்தார்கள். போர்த்துக்கீசியரின் பலம் கடற்கரையோடு நின்றுவிட்டது. அவருக்கு முன்பே இங்கே இருந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் பாதிரியார், மதுரைக்கு வந்துபோகும் முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்கு ஊழியம் செய்துவந்தார். நகரத்து மக்கள் அவரைப் பரங்கியராகவே பார்த்தார்கள். நொபிலி காவி உடுத்தி, மரக்கறி உண்டு, தமிழும் சமஸ்கிருதமும் கற்று, தத்துவ போதகராக வாழ்ந்தார். அவருடைய முறைக்கு 1623-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் இசைவு அளித்தார்.

அந்த உழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரு நாட்டை ஆளும் கை துணைக்கு இல்லாதபோது, கேட்பவரின் மொழியில் அவரோடு வாதாடி நிற்பதைத் தவிர வேறு வழியில்லை என்பதை நொபிலி காட்டினார். ஆனால் அதற்கு ஒரு பெரிய விலை கொடுக்கப்பட்டது. சாதி என்பது சமூக வழக்கம்தான், விசுவாசத்துக்கு இடையூறு இல்லை என்று அவர் வைத்துக்கொண்டார். அவருக்குப் பின் வந்தவர்கள் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று தனியாகப் பண்டார சுவாமிகளை ஏற்படுத்தினார்கள். ஒரே கிறிஸ்துவுக்கு இரண்டு வகைக் குருக்கள். உள்ளூர்ப் பண்பாட்டுக்குள் போவது மட்டுமே நல்ல அருட்பணி ஆகிவிடாது. அந்தப் பண்பாட்டில் யாருடைய வீட்டு வாசல் வழியாக உள்ளே போகிறோம் என்பதையும் கேட்க வேண்டும். இன்று பயிற்சி பெறுபவர்களுக்கு இதை முதல் பாடமாகவே வைப்பேன்.

அந்தப் பழைய மதுரை மிஷனில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. குருவானவர் எப்போதாவது வந்துபோகும் ஊர்களில் சபையைக் கட்டிக் காத்தவர்கள் உபதேசியார்கள். செபம் சொல்லிக்கொடுத்தது, சாகக் கிடப்பவரின் பக்கத்தில் உட்கார்ந்தது, சண்டையைத் தீர்த்து வைத்தது எல்லாம் அவர்கள்தான். அவர்கள் அந்தந்த ஊர் மனிதர்கள். 1693-இல் ஓரியூரில் இயேசு சபைக் குரு அருளானந்தர் (ஜான் தெ பிரிட்டோ) கொல்லப்பட்ட பின்பும் மறவர் சீமையில் கிறிஸ்தவம் அழியாமல் நின்றதற்கு இந்த உள்ளூர் ஆட்களே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

அடுத்த அத்தியாயம் 1834-இல் தொடங்குகிறது. பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்கன் போர்டு என்ற புராட்டஸ்டன்ட் சங்கத்தின் மிஷனெரிகள் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்தார்கள். 1842-இல் திருமங்கலத்தில் தொடங்கிய அவர்களுடைய செமினரி 1845-இல் பசுமலைக்கு மாறியது. 1881-இல் பசுமலையில் உருவாகி, 1909-இல் வைகைக்கு வடகரையில் கோரிப்பாளையம் பக்கம் வந்த அமெரிக்கன் கல்லூரியின் வேரும் அங்கேதான் இருக்கிறது. வந்தவர்கள் கொங்கிரிகேஷனல் மரபினர். ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆள வேண்டும், அதற்கு மேல் பேராயரும் வேண்டாம், அரசனும் வேண்டாம் என்பது அவர்களுடைய சொந்த நாட்டு நம்பிக்கை. ஆனால் மதுரையில் நடந்தது வேறு. உபதேசியாரையும் பள்ளி ஆசிரியரையும் நியமித்தவர் மிஷனெரி. சம்பளம் பாஸ்டனிலிருந்து வந்தது. இடமாற்றமும் தண்டனையும் அவர் கையில் இருந்தன. தன் ஊரில் சபை மக்களின் ஆட்சிக்காக நின்றவர், கடல் கடந்து வந்ததும் முதலாளி ஆகிவிட்டார்.

இது தவறு என்பது அவர்களுக்குள்ளேயே தெரிந்திருந்தது. அமெரிக்கன் போர்டின் செயலர் ரூபஸ் ஆண்டர்சன், தன் செலவைத் தானே தாங்கி, தன்னைத் தானே ஆண்டு, தானே பரவும் திருச்சபையே நோக்கம் என்று எழுதியும் பேசியும் வந்தவர். இங்கிலாந்தில் சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிக்கன் மிஷனெரி சங்கத்தின் செயலர் ஹென்றி வென்னும் அதே காலத்தில் அதையே சொன்னார். 1854-55-இல் ஆண்டர்சன் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து, ஆங்கிலக் கல்வியைக் குறைத்துத் தாய்மொழியில் ஊழியர்களை உருவாக்கும்படி வற்புறுத்தினார். இதில் இரண்டு பக்கம் உண்டு. தமிழில் படித்த உபதேசியார் தன் மக்களோடு இருந்தார், அது நன்மை. ஆனால் மிஷன் கூட்டங்களும் கணக்கும் தீர்மானங்களும் ஆங்கிலத்தில் நடந்தபடியால், அவர் அந்த மேசைக்கு வர முடியாமலே போயிற்று. தமிழ் வழியில் பயிற்சி கொடுத்தால் மட்டும் போதாது, அதிகாரம் பேசும் மேசையும் தமிழுக்கு வர வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

சாதி விஷயத்தில் அமெரிக்கர்கள் நொபிலிக்கு நேர் எதிராக நின்றார்கள். ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்ண மறுத்த உபதேசியார்களையும் சபையாரையும் 1840-களில் விலக்கி வைத்தார்கள். கொள்கையில் அவர்கள் செய்தது சரி. ஒரு துளி சந்தேகமும் எனக்கு இல்லை. ஆனால் அதைச் செய்த வழியைப் பாருங்கள். வேலை கொடுத்தவர், வேலையை நிபந்தனையாக்கிச் சாதியைக் கைவிடச் சொன்னார். அதனால் பங்களா முற்றத்தில் சேர்ந்து சாப்பிட்டவர்கள் பெண் எடுக்கும்போதும் பிணம் புதைக்கும்போதும் பழைய கோட்டுக்குள்ளேயே நின்றுகொண்டார்கள். மேலே கணக்குக் காட்டுவதற்காகச் செய்த சீர்திருத்தம் கீழே இறங்கவில்லை. இன்றும் கல்லறைத் தோட்டத்திலும் திருமண்டலத் தேர்தலிலும் சாதி எழுந்து நிற்பதன் வரலாற்றை இங்கிருந்தும் பார்க்க வேண்டும்.

அரசியலிலும் இதே கதைதான். முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டிஷ் அல்லாத மிஷனெரிகளும் அவர்களுடைய சங்கங்களும், சட்டப்படி அமைந்த அரசுக்கு எதிராக எதுவும் செய்யமாட்டோம் என்று உறுதி கொடுத்த பிறகே இந்தியாவில் பணிசெய்ய முடிந்தது. மதுரை அமெரிக்கன் மிஷனிலிருந்த ரால்ப் ரிச்சர்ட் கெய்த்தான் கதர் உடுத்தி, காந்தியின் இயக்கத்தோடு நெருங்கியதால் 1930-இல் நாட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று. திரும்பி வந்தவரை 1944-இல் மறுபடியும் வெளியேற்றினார்கள். சுதந்திரத்துக்குப் பின் வந்து, காந்திகிராமத்தையும் திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களையும் தன் ஊராக்கிக்கொண்டார். அவரைப் பற்றி நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியாது. மிஷன் வரலாறு என்று நாம் கற்பிப்பதில் கட்டடம் கட்டியவர்கள் மட்டுமே நிறைந்திருப்பது பெரிய குறை.

இந்தியர் தரப்பிலிருந்து எழுந்த குரல்களில் வேதநாயகம் சாமுவேல் அசரியாவை விடமுடியாது. 1910-இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில், நீங்கள் எங்களுக்காக உடைமைகளையும் உயிரையும் தந்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று அவர் கேட்டது புகழ்பெற்றது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, 1903-இல் அவரும் திருநெல்வேலித் தோழர்களும் இந்தியரின் காசில், இந்திய ஊழியர்களைக் கொண்டு, இந்தியரின் நிர்வாகத்தில் ஒரு மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியது. நட்பைக் கேட்பதற்கு முன்பே தன் காலில் நின்று காட்டிவிட்டார்கள்.

1947 செப்டம்பர் 27 அன்று, நாடு விடுதலை பெற்று ஆறு வாரங்களில், மதுரையின் கொங்கிரிகேஷனல் சபைகள் உட்படப் பல புராட்டஸ்டன்ட் சபைகள் இணைந்து, தென்னிந்தியத் திருச்சபை சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் பிறந்தது. அன்றைக்கே மதுரை இராமநாதபுரம் திருமண்டலத்தின் பேராயராக அபிஷேகம் பெற்றவர் லெஸ்லி நியூபிகின். வயது 37, ஸ்காட்லாந்துத் திருச்சபை அனுப்பிய ஆங்கிலேயர். சுதந்திர இந்தியாவில் பேராயரே இல்லாமல் இருந்த கொங்கிரிகேஷனல் சபைகளுக்கு முதல் பேராயராக ஒரு வெளிநாட்டவர் வந்தது பிள்ளைகளுக்கு முரணாகத் தோன்றும். முரண்தான். ஆனால் அவர் 1959 வரை இந்தக் கிராமங்களைச் சுற்றியபோது கண்டுகொண்ட ஒன்று நமக்கு வேண்டும். படித்து, சம்பளம் வாங்கி, வெளியிலிருந்து அனுப்பப்பட்ட ஊழியரை நம்பிச் சபை வளரவில்லை. அந்த ஊரிலேயே உழைத்துப் பிழைக்கும் ஒருவர் முன்னே நின்ற இடங்களில் வளர்ந்தது. அப்படிப்பட்டவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதில் அவர் மிகுந்த அக்கறை காட்டினார். 1974-இல் இங்கிலாந்துக்குத் திரும்பியதும், மேற்குலகமே அருட்பணிக் களம் என்று எழுதத் தொடங்கினார். அந்தப் பார்வையில் நம் கிராமங்களில் அவர் கற்றுக்கொண்டதற்கும் பங்கு உண்டு.

இனி உங்கள் கேள்வியில் வரும் இறையியல் கல்லூரி. 1969-இல் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி தொடங்கியது. திருநெல்வேலிச் சீமையின் திருமறையூர்க் கல்லூரியும் தரங்கம்பாடி லுத்தரன் கல்லூரியும் இணைந்து பிறந்த பிள்ளை அது. தமிழிலேயே உயர் இறையியல் கற்பிக்கலாம் என்று காட்டியது அதன் பெரிய சாதனை. மாணவர்கள் வளாகத்துக்கு வெளியே ஏழை மக்கள் வாழும் பகுதிகளில் தங்கிப் படிக்கும் ஏற்பாட்டையும் கொண்டுவந்தார்கள். அங்கே கற்பித்த தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்ற பெயரில் நாட்டுப்புற மெட்டில் பாட்டும் வழிபாடும் உருவாக்கினார். எல்லாரும் சேர்ந்து சமைத்துச் சேர்ந்து உண்ணும் ஒரே உலை என்பதே அவருடைய இறையியலின் மையம். 1840-களில் மிஷனெரி கட்டளையாகச் சொன்ன சமபந்தியை, ஒடுக்கப்பட்ட மக்களின் பக்கத்திலிருந்து அவர்களுடைய பாட்டாகவே அவர் சொன்னார். இரண்டுக்கும் உள்ள தூரம்தான் நாம் கடக்க வேண்டிய தூரம்.

ஆகவே கல்லூரி ஒன்றும் செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பட்டத்துக்கு ஒரு தனி இழுப்பு உண்டு. இந்தியா முழுவதும் பல திருச்சபைகளின் கல்லூரிகள் கொடுக்கும் இறையியல் பட்டம் வங்காளத்திலுள்ள செராம்பூர்க் கல்லூரியிலிருந்து வருகிறது. செராம்பூரின் பட்டம் வழங்கும் உரிமை 1827-இல் டென்மார்க் அரசர் ஆறாம் பிரடெரிக் கொடுத்த சாசனத்திலிருந்து வருகிறது. அதனால் அந்தப் பட்டம் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. அது எத்தனையோ நல்ல ஆசிரியர்களை உருவாக்கியிருக்கிறது. ஆனால் பட்டம் பெற்றவர் பதவியை எதிர்பார்க்கிறார், பதவி நகரத்தில் இருக்கிறது, நகரத்துப் பெரிய கோவிலுக்கு வருவது உயர்வு என்றும் கிராமச் சேகரத்துக்குப் போவது தண்டனை என்றும் ஆகிவிடுகிறது. சேரியில் தங்கிப் படித்த அதே மாணவர் பத்து ஆண்டுகளில் இந்த ஏணியில் ஏறத் தொடங்கிவிடுகிறார். குறை அவரிடம் மட்டும் இல்லை. நாம் வைத்திருக்கும் ஏணி அப்படி.

இப்போது உங்கள் கிராமங்களுக்கு வருகிறேன். அங்கே ஒரு தலைவருக்கு என்ன தெரிய வேண்டும்? ஒரு விஷயத்தை எடுத்து ஆழமாகப் பார்ப்போம்.

ஊர்த் திருவிழா வருகிறது. குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி கேட்டு வருகிறார்கள். கிறிஸ்தவக் குடும்பங்கள் கொடுக்கலாமா, கூடாதா? பட்டணத்திலிருந்து வந்த இளம் ஊழியர் சட்டென்று கூடாது என்று சொல்லிவிடுவார். அவர் மூன்று ஆண்டுகளில் மாற்றலாகிப் போய்விடுவார். அதற்குப் பிறகு குழாயடியிலும் வரப்பிலும் பதில் சொல்ல வேண்டியது அந்தக் குடும்பங்கள். சிலர் எதற்கு வம்பு என்று கேட்டதைக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை குற்ற உணர்வோடு உட்கார்ந்திருப்பார்கள். அனுபவமுள்ள சபை மூப்பர்கள் நடுவழி ஒன்றைக் கண்டிருக்கிறார்கள்: பூசைக்கும் பலிக்கும் கொடுப்பதில்லை, ஆனால் தண்ணீர்ப் பந்தல், தெருவிளக்கு, ஊருணி தூர்வாருதல் போன்ற பொதுச் செலவில் எங்கள் பங்கை முன்வந்து தருகிறோம் என்று, கேட்பதற்கு முன்பே ஊர்ப் பெரியவர்களிடம் போய்ப் பேசிவிடுவார்கள். முன்பே போய்ப் பேசுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் கடிதத்தின் எட்டாம் அதிகாரம், விக்கிரகங்களுக்குப் படைத்ததை உண்ணலாமா என்ற கேள்வியின் வழியாக, இந்தச் சிக்கலையே பேசுகிறது. அதை வகுப்பறையில் கிரேக்க மூலத்தோடு படிக்கலாம், நல்லதுதான். திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்னால், வரி கொடுக்க வேண்டிய குடும்பங்களோடு உட்கார்ந்து படித்தால் அதே அதிகாரம் வேறு பலத்தோடு பேசும். அந்த உட்காருதலைத்தான் நான் பயிற்சி என்கிறேன். முடிவை ஊழியர் சொல்லக் கூடாது. அந்தக் குடும்பங்கள் எடுக்க வேண்டும், அவர்களே ஊரிடம் சொல்ல வேண்டும்.

பறை விஷயம் இன்னும் நுட்பமானது. விடுதலையின் இசை என்று பறையை ஆராதனைக்குள் கொண்டுவருவது இறையியல் மாணவர்களிடம் பரவலாக இருக்கிறது. அதன் நியாயம் எனக்குப் புரிகிறது, மனதாரப் போற்றுகிறேன். ஆனால் மேலூர்ப் பக்கமோ உங்கள் உசிலம்பட்டிப் பக்கமோ ஒரு கிராமத்தில், ஊர்ச் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று சொல்லி அடியும் உதையும் பட்டு அந்தத் தோற்கருவியைக் கீழே வைத்த ஒரு பெரியவர் அந்தச் சபையில் உட்கார்ந்திருக்கலாம். அவருக்கு அதைக் கீழே வைத்ததே விடுதலை. மாணவருக்கு அதைக் கையில் எடுப்பது விடுதலை. எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அந்தப் பெரியவரிடம் முதலில் போய் உட்கார்ந்து, ஐயா, உங்கள் கதையைச் சொல்லுங்கள் என்று கேட்காமல் பறையைக் கோவிலுக்குள் கொண்டுவந்தால், மேலேயிருந்து இறங்கிவந்த இன்னொரு கட்டளையாகவே அது ஆகிவிடும். எவ்வளவு முற்போக்கான கருத்தும் இப்படித்தான் பழைய மிஷனெரி முறைக்குள் விழுந்துவிடுகிறது.

அடுத்து, காகிதங்கள். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவத்துக்கு வந்த தலித் மக்களுக்குப் பட்டியல் சாதி உரிமை இல்லை. சீக்கியரை 1956-இலும் பவுத்தரை 1990-இலும் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்தவரையும் முஸ்லிம்களையும் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் கிறிஸ்தவரான தலித் மக்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். பள்ளியில் சேரும் பிள்ளையின் சான்றிதழில் என்ன எழுதுவது என்ற கேள்வி வரும்போது, ஞானஸ்நானம் பெற்றதை மறைத்துவிட்டுக் கூனிக் குறுகி நிற்கும் தாயை நம் சபைகளில் பார்க்கலாம். அவரைக் கண்டிக்க மட்டும் தெரிந்த தலைவர் அவருக்குத் துணை இல்லை. சட்டம் என்ன சொல்கிறது, எதைக் கேட்டுப் போராடலாம், தாசில்தார் அலுவலகத்தில் எந்த விண்ணப்பத்தைக் கொடுப்பது என்பதெல்லாம் தெரிந்தவர் வேண்டும். தமிழ்நாட்டில் 2002-இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, 2004-இல் திரும்பப் பெறப்பட்டபோது, அதன் வாசகத்தைப் படித்துச் சபையாருக்கு விளக்கக்கூடிய சபைத் தலைவர்கள் கிராமங்களில் மிகக் குறைவாகவே இருந்தார்கள்.

அயலாரின் விசுவாசத்தைப் பற்றிய அறிவும் இதோடு சேர்ந்தது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மதுரையே வைகையில் நிற்கிறது. அந்தக் கூட்டத்தில் நிற்பவர் எதைத் தேடி வருகிறார் என்று ஒருநாளும் காதுகொடுத்துக் கேட்காத ஒருவர், அவருக்கு நற்செய்தி சொல்லக் கிளம்புவது சரியில்லை. கருமாத்தூர்ப் பக்கத்துக் கத்தோலிக்க மக்களிடமும் பெந்தெகொஸ்தே சபையாரிடமும் நமக்குப் பழக்கம் இருக்க வேண்டும். ஒரே ஊரில் நாலு சபையார் நாலு திசையாக நிற்கும்போது அயலார் சிரிப்பதில் வியப்பில்லை.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் பாதிப் பதில். அமெரிக்க மிஷனெரி ஏவா சுவிப்ட் அம்மையார் 1892-இல் மதுரையில் வேதாகமப் பெண்களுக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். ஆண் ஊழியர் நுழைய முடியாத வீடுகளுக்குள் அந்தத் தமிழ்ப் பெண்கள் நடந்து போய் எழுத்தும் வேதமும் கற்பித்தார்கள். அவர்களுடைய சம்பளம் மிகச் சிறியது, அவர்களுடைய பெயர்கள் கல்வெட்டில் இல்லை. தென்னிந்தியத் திருச்சபை ஒரு பெண்ணுக்கு முதன்முதலாகக் குருத்துவ அபிஷேகம் செய்தது 1976-இல். ஒரு பெண் பேராயரானது 2013-இல். சபையில் பாதிக்கு மேல் பெண்கள் உட்கார்ந்திருக்க, சேகரக் கமிட்டியில் ஒருவரோ இருவரோ இருப்பது வெட்கப்பட வேண்டிய விஷயம். உங்கள் கிராமங்களில் யார் வீட்டில் நோயாளி இருக்கிறார், யார் கந்துவட்டியில் சிக்கியிருக்கிறார் என்று கேளுங்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்துக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும், ஆயருக்குத் தெரிந்திருக்காது. தலைமை ஏற்கெனவே அங்கே இருக்கிறது. அதற்குப் பெயரும் அதிகாரமும் கொடுப்பதே வேலை.

கடைசியாகப் பணம். மிஷன் விட்டுப்போன நிலங்களும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் நம் கைக்கு வந்தபோது, அவற்றை ஆளும் அதிகாரமும் வந்தது. திருமண்டலத் தேர்தல்களில் ஓடும் பணமும், பேராயர் பதவிக்காக நீதிமன்றம் ஏறும் வழக்குகளும் எங்கிருந்து வருகின்றன என்பதை எல்லாரும் அறிவார்கள். பாஸ்டனுக்குக் கணக்குக் கொடுத்த அமைப்பில் பாஸ்டன் போய்விட்டது. அந்த இடத்தில் சபை வந்து உட்காரவில்லை. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 1976-இல் வந்து, 2010-இலும் 2020-இலும் இறுகிய பிறகு வெளிநாட்டுப் பணமும் சுருங்கிவிட்டது. பலர் இதை ஒரு துன்பமாகப் பார்க்கிறார்கள். தொண்டு நிறுவனங்களால் பிழைத்த ஏழைகளுக்கு அது துன்பம்தான். ஆனால் சபை தன் காலில் நிற்கும் பயிற்சிக்கு இதைவிட நல்ல வேளை வராது. இறையியல் கல்லூரியில் ஒரு பாடத்தைச் சேர்க்கச் சொல்வதானால், வரவு செலவுக் கணக்கைப் படிக்கவும், டிரஸ்ட் பத்திரத்தைப் புரிந்துகொள்ளவும், சபையாருக்கு முன்னால் அதை எளிய தமிழில் வாசிக்கவும் கற்றுக்கொடுக்கும் பாடத்தைத்தான் சேர்க்கச் சொல்வேன்.

படித்த ஆயர்களே வேண்டாம் என்கிறேனா? இல்லை. வேதத்தை மூலமொழியில் படித்தவரும் வரலாறு கற்றவரும் சபைக்கு வேண்டும். ஆனால் அவருடைய வேலை மாற வேண்டும். பல கிராமங்களில் ஓடி ஓடித் திருவிருந்து கொடுத்துத் திரும்புவதை விட்டு, அந்தக் கிராமங்களின் உள்ளூர்த் தலைவர்களுக்கு ஆசிரியராக அவர் இருக்க வேண்டும்.

உங்கள் சேகரத்தில் இந்த ஆண்டே தொடங்கலாம். ஒவ்வொரு கிராமச் சபையும், ஆயரோ கமிட்டியோ சொல்லாமல், தாங்களே கூடி இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கட்டும். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். கூலி வேலைக்குப் போகிறவர்களும் வரக்கூடிய மாலை நேரமாக வைத்து, மாதம் ஒருமுறை வெவ்வேறு கிராமத்தில் கூட்டுங்கள். அந்த ஊரில் அந்த மாதம் எரிகிற பிரச்சினையை எடுத்துக்கொண்டு, அதோடு சேர்த்து வேதத்தைப் படியுங்கள். சமையலைச் சேர்ந்தே செய்யுங்கள், எந்தத் தெருவில் உலை வைப்பது என்பதையும் மாற்றி மாற்றி வையுங்கள். அங்கேதான் முதல் எதிர்ப்பு வரும், அதைப் பேசாமல் தாண்டிப் போகாதீர்கள். பயணச் செலவைச் சேகரத்துக் காணிக்கையிலிருந்தே எடுங்கள், திருமண்டலத்திடம் கேட்க வேண்டாம். ஆயரை ஆசிரியராக அழையுங்கள், தலைமை தாங்க அழைக்க வேண்டாம். நல்ல ஆயராக இருந்தால் அதில் அவருக்கே நிம்மதி. ஆறு மாதம் கழித்து, ஒவ்வொரு சபையின் காணிக்கைக் கணக்கையும் அந்த இரண்டு பேரே ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லார் முன்னாலும் வாசிக்கட்டும், கேள்வி கேட்க நேரம் விடட்டும். கல்லூரியில் படிக்கும் உங்கள் பிள்ளைகளை அந்தக் கணக்கு எழுதும் வேலையில் சேர்த்துவிடுங்கள்.